கூடுதல் காசு ஃபிரேமுக்கா, டயருக்கா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு ஊர் அம்பாசமுத்திரம். வயது 27, உயரம் 167 சென்டிமீட்டர். முன்னால் ஷாக் வைத்த அலுமினிய கியர் சைக்கிள் ஓட்டுகிறேன், முக்கூடல் வரை போய்வந்தாலே மணிக்கட்டும் குறுக்கும் பிடித்துக்கொள்கிறது. இந்த வருஷம் கடையம், தென்காசி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவு ஏறி கொல்லம் வரை போக ஆசை, அப்புறம் ஒரு தடவை கன்னியாகுமரி. பின்னால் பை கட்ட வேண்டும். கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. ஸ்டீல் ஃபிரேம்தான் சொகுசு, அலுமினியம் எலும்பை உலுக்கிவிடும் என்கிறார்கள். கார்பன்தான் அதிர்வைத் தாங்கும் என்கிறார் இன்னொருவர். நான் எந்த ஃபிரேம் எடுக்கட்டும்?

பதில்: தம்பி, உங்கள் குறுக்கு வலிக்கு அலுமினியத்தின் மேல் பழி போட நான் தயாரில்லை. சைக்கிள் ஃபிரேம் என்பது இரண்டு முக்கோணம் சேர்ந்தது, முக்கோணத்தை மேலே இருந்து அமுக்கினால் வளைந்து கொடுக்காது, அந்த வடிவத்தில் செய்வதே அதற்காகத்தான். ஸ்டீலோ அலுமினியமோ, ரோட்டுக் குழியில் இறங்கும்போது ஃபிரேம் மேலும் கீழும் அசைவது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். 50 மில்லிமீட்டர் அகலமுள்ள டயரில் காற்று அளவாக இருந்தால், நீங்கள் ஏறி உட்கார்ந்த உடனேயே அது 7 மில்லிமீட்டர் போல அமுங்கும், குழி வந்தால் இன்னும் அமுங்கி எழும். அப்படியிருக்க, ஃபிரேம் எந்த உலோகம் என்பதற்காகவே கூடுதலாகப் பணத்தைக் கொட்டுவது உங்கள் கையிருப்புக்குத் தகுந்த செலவு இல்லை. கார்பனை இந்தத் தொகையில் நினைக்கவே வேண்டாம், கேரியர் மாட்டத் துளை உள்ள கார்பன் ஃபிரேம் கிடைப்பதே அரிது, கிளாம்ப் போட்டு இறுக்கினால் குழாய் விரிசல் விடக்கூடும்.

சரி, சொகுசைத் தீர்மானிப்பது எது? முதலில் அளவு. நம் பக்கத்தில் கடைக்கு வரும் விலை குறைந்த கியர் சைக்கிள்கள் பெரும்பாலும் ஒரே அளவு ஃபிரேம்தான், ஐந்தடிக்காரருக்கும் அதுதான், ஆறடிக்காரருக்கும் அதுதான், சீட்டை மட்டும் ஏற்றி இறக்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். உங்கள் வலி அங்கிருந்துதான் வருகிறது என்று சந்தேகப்படுகிறேன். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு முதுகை ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே விட்டு, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அந்த அளவுக்குக் கவட்டையில் முட்டக் கொடுத்து, புத்தகத்தின் மேல்விளிம்புக்கு நேராகச் சுவரில் ஒரு கோடு போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ளது உங்கள் கால் அளவு. 77 சென்டிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 0.883-ஆல் பெருக்கினால் 68. கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) சுற்றுகிற அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை, சீட் குழாயை ஒட்டி அளந்தால், இவ்வளவு இருக்க வேண்டும். இதில் தொடங்கி, உடம்பு சொல்கிறபடி அரை அரை சென்டிமீட்டராக மாற்றிக்கொள்ளலாம். அதே 77-ஐ 0.67-ஆல் பெருக்கினால் 51½. பார் தரைக்கு இணையாகப் போகிற பழைய மாதிரி ஃபிரேமில் சீட் குழாயின் நீளம் ஏறக்குறைய இதுதான். பார் பின்னால் சரிந்து வருகிற எம்.டி.பி. (மலைப்பாதை சைக்கிள்) மாதிரியில் 16 அல்லது 17 அங்குலம் பாருங்கள்.

ஆனால் குறுக்கைப் பிடிப்பது உயரத்தைவிட நீளம்தான். சீட்டை ஏற்றிக்கொள்ளலாம், ஃபிரேமின் நீளத்தை யாரும் குறைத்துத் தர முடியாது. ஹேண்டில்பார் தூரத்தில் இருந்தால் உடம்பின் பாரம் முழுக்கக் கையில் இறங்கும், முதலில் மணிக்கட்டு, அப்புறம் தோள், அப்புறம் குறுக்கு என்று வரிசையாகப் பிடிக்கும். சீட் கம்பியின் நடுவிலிருந்து, முன்னால் ஹேண்டில் நுழைகிற ஹெட் குழாயின் நடு வரை படுக்கை மட்டத்தில் டேப் பிடித்துப் பாருங்கள். உங்கள் உயரத்துக்கு 53-லிருந்து 55 சென்டிமீட்டர் நல்லது. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் ஸ்டெம்மை (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கட்டையை) மாற்றிச் சரிக்கட்டலாம். பழைய எம்.டி.பி.களில் 12 சென்டிமீட்டர் ஸ்டெம்கூட இருக்கும், அதை எடுத்துவிட்டு 7 சென்டிமீட்டரில் சற்று மேல்நோக்கிய ஒன்றைப் போட்டால் ஆள் நிமிர்ந்துவிடலாம். 57-க்கு மேல் போகிற ஃபிரேமை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். ஹெட் குழாய் மிகவும் குட்டையாக உள்ளதும் வேண்டாம், நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு ஹேண்டில்பார் சீட்டின் உயரத்துக்காவது வர வேண்டும்.

அடுத்தது டயருக்கான இடம். பின் சக்கரம் நுழைகிற இடத்தில், செயின் ஓரமாகப் போகும் இரண்டு குழாய்களுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 45 மில்லிமீட்டர் டயர் போட்டு, இரண்டு பக்கமும் ஆறு ஆறு மில்லிமீட்டராவது விட்டு, மேலே மட்கார்டும் நுழைகிற ஃபிரேம்தான் வேண்டும். ரேஸ் மாதிரி ஃபிரேம் பலவற்றில் 28 மில்லிமீட்டருக்கு மேல் போகாது, அந்த டயருக்கு 80, 90 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்று அடித்தாக வேண்டும், பாலம் முடிகிற மேடு ஒவ்வொன்றும் முதுகுத்தண்டில் கேட்கும். 47 மில்லிமீட்டர் டயருக்கு உங்கள் எடையும் பையும் சேர்த்தே 40 பி.எஸ்.ஐ. அளவு போதும், பின்னால் கொஞ்சம் கூட, முன்னால் கொஞ்சம் குறைய. கடையில் காற்றடிக்கும்போது கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து இறுகும் வரை அடித்துவிடுவார்கள், அதை நம்ப வேண்டாம், அளவு காட்டும் கைப்பம்பு ஒன்று சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு காரியத்துக்கே உங்கள் வலியில் பாதி போனாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

பை கட்டுவதாகச் சொல்கிறீர்கள், அதற்கென்று ஃபிரேமில் பார்க்க வேண்டியது கிராங்க் அச்சிலிருந்து பின் சக்கர அச்சு வரை உள்ள நீளம். ரேஸ் வண்டியில் 41 சென்டிமீட்டர் போல இருக்கும், தூரப் பயணத்துக்கான வண்டியில் 44 முதல் 46 வரை வைப்பார்கள். குறைவாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் இடிக்கும். நீளமாக இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு, நீங்கள் பின் சக்கரத்துக்கு நேர் மேலே உட்காராமல் சற்று முன்னால் உட்காருவீர்கள், அதனால் பின் சக்கரம் ஏறி இறங்குகிற தூக்கல் அப்படியே சீட்டுக்கு வராது. பின் அச்சுக்குப் பக்கத்திலும், சீட்டுக்கு அடியிலிருந்து பின் அச்சுக்கு இறங்குகிற இரண்டு குழாய்களின் மேல்பக்கத்திலும் கேரியருக்கான 5 மில்லிமீட்டர் மரைத்துளைகள் இருக்கின்றனவா என்று விரலை விட்டுப் பாருங்கள், பெயிண்ட் அடைத்திருக்கும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் நான் உங்களுக்கு ஸ்டீலைத்தான் சொல்லுவேன். ஆனால் சொகுசுக்காக இல்லை. ஸ்டீல் குழாயில் விரிசல் கண்டால் கடையத்திலோ ஆலங்குளத்திலோ டிராக்டர் கலப்பைக்கு வெல்டிங் வைக்கிற பட்டறையில் ஊர் போய்ச் சேரும் அளவுக்காவது ஒட்டிக்கொண்டு போகலாம். (மெல்லிய குழாய் என்றால் கேஸ் வெல்டிங்கில் பித்தளை வைத்து ஒட்டச் சொல்லுங்கள், ஆர்க் வைத்தால் ஓட்டை விழும்.) அலுமினிய ஃபிரேம்களுக்குப் பெரும்பாலும் பயன்படுகிற 6061 வகையை ஒட்டினால் மறுபடி சூடேற்றிப் பதப்படுத்தாமல் பழைய பலம் வராது, அந்த வசதி நம் பட்டறைகளில் இல்லை. அப்புறம், ஸ்டீல் ஃபிரேமின் பின் கால்களை 130 மில்லிமீட்டரிலிருந்து 135-க்கு நிதானமாக விரித்து வேறு ஹப் (சக்கரத்தின் நடு உருளை) போடலாம், அலுமினியத்தில் அதைச் செய்யவே கூடாது.

ஸ்டீலிலும் இரண்டு தரம் உண்டு, சாதாரண ஹைடென், அப்புறம் குரோமோலி. விறைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். குரோமோலிக்குப் பலம் கூடுதல் என்பதால் குழாயை மெல்லியதாகச் செய்யலாம், எடை குறையும், அவ்வளவுதான். ஸ்டிக்கரை நம்பாமல் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. சீட் கம்பியை உருவி அதில் பொறித்துள்ள எண்ணைப் பாருங்கள். சீட் குழாயின் வெளிவிட்டம் வழக்கமான 28.6 மில்லிமீட்டராக இருந்து, கம்பி 27.2 என்று இருந்தால் குழாய் மெல்லியது, நல்ல ஸ்டீல். 25.4 என்று இருந்தால் தடித்த ஹைடென். ஹைடென்னாக இருந்தாலும் மனம் தளர வேண்டாம். நீங்கள் 65 கிலோ, வண்டி 15, பை 15 என்று வைத்தால் மொத்தம் 95, அதில் ஃபிரேமில் ஒரு கிலோ கூடினால் நூற்றுக்கு ஒன்று. புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறும்போது உங்களைக் காப்பாற்றப்போவது அந்த ஒரு கிலோ இல்லை, சின்ன கியர்தான். முன்னால் 24 பல், பின்னால் 28 பல் இருந்தால் உட்கார்ந்தபடியே ஏறலாம்.

ஆக, உங்களுக்கு நான் சொல்வது, ஷாக் இல்லாத பழைய ஸ்டீல் எம்.டி.பி., 26 அங்குல சக்கரம், மூன்று பல்சக்கரம் வைத்த கிராங்க், ரிம்மைப் பிடிக்கிற வி பிரேக். தென்காசி போகிற வழியில் எந்தச் சின்ன ஊரில் டியூப் கிழிந்தாலும் இதற்குச் சாமான் கிடைக்க வாய்ப்பு அதிகம், டிஸ்க் பிரேக்குக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் கவனம். 26 அங்குலம் என்று மட்டும் கேட்டு டயர் வாங்காதீர்கள், 26×1.75-உம் 26×1⅜-உம் ஒன்றுக்கொன்று பொருந்தாது. டயரின் பக்கவாட்டில் 47-559 என்பது போல ஒரு எண் இருக்கும், அதில் பின்னால் வருகிற 559-தான் ரிம்மின் அளவு, அதைச் சொல்லிக் கேளுங்கள். 20,000-த்தில் பழைய வண்டிக்கு 6,000-க்கு மேல் போக வேண்டாம். ஓவராயிலிங், புதுச் செயின், கேபிள், பேரிங், வீல் கோட்டம் எடுப்பது, இவற்றுக்கு ஒரு பங்கு ஒதுக்குங்கள். டயரில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. சீட்டில் பஞ்சு அதிகமாக உள்ளதை எடுக்காதீர்கள், அது முதல் ஒரு மணி நேரம்தான் இதம், அப்புறம் உட்காரும் எலும்பு பஞ்சைத் தாண்டி இறங்கி, நடுவில் உள்ள மென்மையான இடத்தைப் பஞ்சு அழுத்தும். கேரியர் குழாய் கம்பியில் செய்ததாக, மூன்று நான்கு இடத்தில் போல்ட் விழுவதாக இருக்கட்டும்.

புதிது தேடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள் தம்பி. இப்போது இருக்கிற உங்கள் அலுமினிய வண்டியையே டேப் வைத்து அளந்துவிடுங்கள். நீளம் 55-க்குள் வந்து, பின்னால் கேரியர் துளையும் டயருக்கு இடமும் இருந்தால், ஃபிரேம் மாற்றவே தேவையில்லை. அந்த ஷாக்கை மட்டும் எடுத்துவிடுங்கள், மலிவு ஷாக் இரண்டரை கிலோ வரை எடை, ஏற்றத்தில் மிதிக்கிற பலத்தில் கொஞ்சத்தை அது தின்றுவிடும், நாளானால் ஆட்டமும் கொடுக்கும். அதற்குப் பதில் ஸ்டீல் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) போடும்போது, சக்கர அச்சிலிருந்து ஹெட் குழாயின் அடி வரை பழையதன் நீளத்துக்கு நெருக்கமானதாகப் பாருங்கள். 2 சென்டிமீட்டர் குறைந்தால் ஹெட் குழாயின் கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி செங்குத்தாகும், ஹேண்டில் துடிப்பாகிவிடும்.

கன்னியாகுமரிக்கு ஆனி, ஆடியில் போகாதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று பணகுடி, காவல்கிணறு பக்கம் பக்கவாட்டில் தள்ளும், காற்றாலைகளை அங்கே நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. பின்னால் பெரிய பை இரண்டு தொங்கினால் லாரி கடக்கும்போது வண்டி ஒரு முழம் நகரும். மார்கழி கழிந்து தை, மாசியில் போங்கள்.

கேள்வி: ராதாபுரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பழைய குரோமோலி ஃபிரேம் ஒன்று ஃபோர்க்கோடு 4,000 ரூபாய்க்கு வருகிறது. கடற்கரை ஊரில் ஓடிய வண்டி. எடுக்கலாமா, எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: குரோமோலி என்ற பெயரில் குரோமியம் இருப்பதால் துருப்பிடிக்காது என்று நினைத்துவிடக் கூடாது, அதில் குரோமியம் நூற்றுக்கு ஒன்று அளவுதான், உவரிக் காற்றில் மற்ற இரும்பைப் போலவே துருப்பிடிக்கும். வெளியே தெரிகிற துரு பயமில்லை, உப்புத்தாள் வைத்துத் தேய்த்து பிரைமர் அடித்தால் போகும். உள்ளே இருப்பதுதான் ஆளை விழுத்தும். சீட் கம்பியை உருவி வரச் சொல்லுங்கள். வராவிட்டால் பேரத்தை அங்கேயே நிறுத்துங்கள், உப்பில் இறுகிப்போன கம்பியை எடுக்க ஃபிரேமை அறுக்க வேண்டிய நிலைகூட வரும். வந்தால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கிராங்கைக் கழற்ற அவர் சம்மதித்தால் அடியில் உள்ள கூட்டையும் பாருங்கள், மேலேயிருந்து இறங்குகிற தண்ணீர் எல்லாம் அங்கேதான் தேங்கும். செதில் செதிலாகக் கொட்டினால் வேண்டாம், மேலோடு சிவந்திருந்தால் பரவாயில்லை.

ஹெட் குழாயும் கீழே இறங்குகிற குழாயும் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். பெயிண்ட் சுருக்கம் விழுந்தோ சின்னதாகப் புடைத்தோ இருந்தால் வண்டி எதிலோ நேராக மோதியிருக்கிறது. அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எடுக்காதீர்கள்.

அப்புறம் ஒரு நூல் சோதனை. பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அச்சு உட்காரும் இடத்தில் நூலைக் கட்டி, முன்னால் ஹெட் குழாயைச் சுற்றி, மறுபக்கத்து அச்சு இடத்தில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தால் ஒன்றாக இருக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் வித்தியாசம் தாங்கும். 5 என்றால் பின் பகுதி கோணியிருக்கிறது, ஸ்டீல் என்பதால் நிமிர்த்தலாம், ஆனால் கைதேர்ந்தவர் செய்ய வேண்டும், விலையில் அதைக் கழித்துக் கேளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் 4,000 நல்ல விலை. உங்கள் கால் அளவுக்குப் பொருந்தினால் மட்டும், முதல் பதிலில் சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாங்கிய உடனே ஃபிரேமைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, குழாய்களுக்குள் ஆளிவிதை எண்ணெய் ஊற்றி, எல்லாப் பக்கமும் படும்படி சுழற்றி, வடியவிட்டு ஒரு வாரம் காயவையுங்கள். அது உள்ளே ஒரு தோல் போலக் காய்ந்து உப்புக் காற்றைத் தடுக்கும். கிராங்க் கூட்டின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இல்லாவிட்டால் சின்னதாக ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாளையங்கோட்டையில் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். உயரம் 154 சென்டிமீட்டர், சுடிதார்தான் போடுவேன். தோழியோடு கூந்தன்குளம், திருச்செந்தூர் என்று பையோடு போக ஆசை. வீட்டில் பார் இல்லாத லேடீஸ் சைக்கிள்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள். அதில் தூரம் போகலாமா அண்ணாச்சி?

பதில்: போகலாம் தங்கச்சி. பார் இல்லாத ஃபிரேமில் முன் முக்கோணம் கிடையாது, அதனால் அது பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும். சும்மா ஓட்டும்போது இது தெரியாது, பின் கேரியரில் 15 கிலோ ஏற்றி இறக்கத்தில் வேகம் பிடித்தால் ஹேண்டிலில் ஒரு ஆட்டம் வரும். பின்னால் பத்துக் கிலோவுக்கு மேல் வைக்காமல், கனமான சாமானைப் பிரித்து முன்னால் தாழ்வாகக் கட்டினால் சமாளிக்கலாம். நீங்கள் சொன்ன இரண்டு இடத்துக்கும் மலை ஏறி இறங்குகிற வேலையும் இல்லை.

ஆனால் எனக்குக் கேட்டால், பார் நன்றாகச் சரிந்து இறங்குகிற 13 அல்லது 14 அங்குல ஸ்டீல் எம்.டி.பி. ஃபிரேம் இன்னும் நல்லது. காலைத் தூக்கிப் போடுவது எளிது, முக்கோணமும் முழுசாக இருக்கும். கண்டிப்பாக 26 அங்குல சக்கரமாக எடுங்கள். உங்கள் உயரத்துக்கு 26-ஐவிடப் பெரிதான 700சி சக்கரம் வைத்த சின்ன ஃபிரேமில், ஹேண்டிலைத் திருப்பும்போது செருப்பின் நுனி முன் சக்கரத்தில் தட்டும், அதைத் தவிர்க்க ஃபிரேமை நீட்டியிருந்தால் கை எட்டாது. கிராங்க் 170 மில்லிமீட்டருக்குப் பதில் 160 அல்லது 165 கிடைத்தால் முழங்காலுக்கு நல்லது. பெண்களுக்கென்று வருகிற சற்று அகலமான சீட்டைத் தனியாக வாங்கிப் போடுங்கள், வண்டியோடு வருவது எப்படியும் போதாது. துப்பட்டாவுக்காக முழுச் செயின் கவரும் பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் வலையும் போட்டுவிடுங்கள், வீட்டில் உள்ளவர்களுக்கு இருக்கிற நியாயமான பயம் அதோடு தீரும்.

கேள்வி: ஐயா, களக்காட்டிலிருந்து எழுதுகிறேன், வயது 61. வீட்டில் 28 அங்குல பழைய கறுப்பு சைக்கிள் இருக்கிறது, கம்பி பிரேக். ஃபிரேம் உறுதியாக இருக்கிறது. இதையே சரிசெய்து வள்ளியூர், சேரன்மகாதேவி என்று சுற்றலாமா, அல்லது கியர் சைக்கிள்தான் வேண்டுமா?

பதில்: ஐயா, வேறு வண்டி வாங்கவே வேண்டாம். 1949-இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் போன்றவர்கள் செய்த அந்த மாதிரி வண்டிகளின் ஃபிரேம் பின்னால் நன்றாகச் சாய்ந்து, நீளமாக, நிமிர்ந்து உட்காரும்படி செய்யப்பட்டது. இன்று தூரப் பயண வண்டி என்று தேடிப்போகிறவர்கள் கேட்பதெல்லாம் ஏற்கனவே அதில் இருக்கிறது, கேரியர் உட்பட.

குறை இரண்டு உண்டு. ஒன்று மிதி கனம். முன்னால் 48 பல், பின்னால் 18 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 6 மீட்டர் போகிறது, எதிர்காற்றில் இது முழங்காலைக் கொல்லும். பின்னால் 22 பல் ஃப்ரீவீல் கேட்டு வாங்கிப் போடுங்கள், 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும், செயினில் ஒன்றிரண்டு கண்ணி கூட்ட வேண்டியிருக்கும், செலவும் பெரிதில்லை. இன்னொன்று பிரேக். குரோம் ரிம் நனைந்தால் கம்பி பிரேக் பிடிக்காது, ரப்பரைப் புதிதாக்கி கம்பிகளின் ஆட்டத்தை எடுத்துவிட்டால் காய்ந்த ரோட்டுக்குப் போதும், மழையில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள்.

டயர் மாற்றும்போது 28×1½ என்று தெளிவாகச் சொல்லுங்கள், அதன் ரிம் அளவு 635. புது ஹைபிரிட் வண்டிகளின் டயரையும் 28 அங்குலம் என்றே சில இடத்தில் சொல்வார்கள், அது 622, உங்கள் ரிம்மில் ஏறாது. சீட்டின் ஸ்பிரிங் உடையாமல் இருந்தால் அதை மாற்ற வேண்டாம், தோல் தளர்ந்திருந்தால் மூக்குக்கு அடியில் உள்ள நட்டை அரைச் சுற்று இறுக்கினால் விறைப்பாகும். கிராங்கை அச்சோடு பிடிக்கிற காட்டர் பின்னை மட்டும் பழையதையே தட்டி விடாமல் புதிதாகப் போடச் சொல்லுங்கள், ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது அது நழுவினால் விழுகை பலமாக இருக்கும்.